ஓ நெகட்டிவ்காரர்

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் நான் வேலை பார்த்தேன். அதுவரை ரத்தம் கொடுக்க வருகிறவரிடம் காமாலை வந்ததுண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டால் போதும். அந்த வருஷம் எய்ட்ஸ் சோதனையும் செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களிடம் அதற்கான கருவி கிடையாது. கொஞ்சம் ரத்தத்தைச் சின்னக் குப்பியில் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்புவோம்.

கூடவே ஒரு கேள்வித்தாளும் வந்தது. மனைவியைத் தவிர வேறு பெண்ணிடம் போனதுண்டா என்பது ஐந்தாவது கேள்வி. கல்யாணமாகாத, இருபத்து நாலு வயதுப் பெண்ணான நான் அதை முன்பின் தெரியாத ஆண்களிடம் கேட்க வேண்டும். எல்லோரும் இல்லை என்றார்கள். சட்டென்று சொன்னவரையும் நான் நம்பவில்லை. யோசித்துச் சொன்னவரையும் நம்பவில்லை.

உண்டு என்று சொன்னவர் ஒருவர்தான். குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இலஞ்சியில் அக்கா வீட்டில் இருந்தார். அவருடைய ரத்தம் ஓ நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காத வகை. பிரசவத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் எங்கள் டிரைவர் போய் அவரை அழைத்து வருவார். ரத்தத்துக்குக் காசு வாங்க மாட்டார், ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்.

"காசு வாங்காம எவன் ரத்தம் குடுப்பான்? என்னமோ இருக்கு" என்பாள் எங்கள் அறையைப் பெருக்கும் ஆயா.

அந்தத் தடவை ஒரு கர்ப்பிணிக்காக வந்திருந்தார். ஐந்தாவது கேள்விக்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பம்பாயில இருந்தப்போ ஒருக்கா போயிருக்கேன்மா. பதினஞ்சு வருசம் ஆச்சு. எழுதிக்கிடுங்க."

டாக்டரம்மாவிடம் தாளைக் காட்டினேன். ரிசல்ட் வரும்வரை அவர் கொடுத்த ரத்தப் பையைத் தொட வேண்டாம் என்றார். அந்தக் கர்ப்பிணிக்கு வேறு ரத்தம் திருநெல்வேலியிலிருந்து வந்தது.

நாலாம் நாள் கடிதம் வந்தது. அவருடைய குப்பிக்கு நேராக 'ரியாக்டிவ்' என்று இருந்தது, நோய் இருக்கலாம் என்று அர்த்தம். உறுதி செய்ய மறுபடி ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"முதல் டெஸ்ட் சில சமயம் தப்பாக் காட்டும்" என்றார் டாக்டரம்மா. "முடிவு தெரியற வரைக்கும் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. அவருக்கும் இப்ப வேண்டாம்."

அவரை வரவழைத்தோம். நான் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன்.

"மறுபடி என்னத்துக்கும்மா?"

"போன தடவை எடுத்தது பஸ்ல உடைஞ்சுட்டு அண்ணாச்சி."

"அன்னைக்கு உறை போடலியே."

"புது ரூல்."

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காபி குடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூட்டுவலிக்காக வாராவாரம் அவரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் அப்பா, தோளில் துண்டோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட கொஞ்ச நாள் போகாதீய அப்பா."

"ஏம்ட்டி?"

"ஒண்ணுமில்ல. போகாதீய."

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். வேறொன்றும் கேட்காமல் துண்டைக் கொடியில் போட்டார். தொடுவதால் இந்த நோய் ஒட்டாது என்று நோட்டீஸைப் பார்த்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியவள் நான். இருந்தும் சொன்னேன்.

நல்ல சாரல் நேரம், குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. ஆனால் பத்து நாளில், எண்ணெய் தேய்த்துக்கொள்ள அவர் பலகையில் உட்கார ஆளில்லை. அவருக்கு 'அந்த வியாதி' என்ற பேச்சு டாக்டரம்மா காதுக்கே வந்தது. சந்தேகம் ஆயாமேல் விழுந்தது. கடிதம் இருந்த மேஜையைத் துடைக்கிறவள் அவள்தானே. பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். நானும் அவள்தான் என்று மனசார நம்பினேன். அவளைத் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவள் யாரிடமாவது பேசினால் நின்று கவனித்தேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அப்பாவின் குரல் கேட்டது. மேலகரத்திலிருந்து வந்த சிநேகிதரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மவளே போகாதீயன்னு சொல்லுதா. ஆஸ்பத்திரிக்காரி சும்மா சொல்லுவாளா?"

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

பேச்சு என் வாயிலிருந்துதான் போனது என்று மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆயாவைக் கூப்பிட்டு, "அவகிட்டயே சொல்லு" என்றார். சொன்னேன்.

"நீங்களும்தானம்மா என்னைக் களவாணியப் பாக்கிற மாதிரி பாத்தீய" என்றாள் ஆயா. பழைய இடத்துக்கு வரச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மெட்ராஸ் முடிவு வந்தது. நோய் இல்லை. டாக்டரம்மாவும் நானும் இலஞ்சிக்குப் போனோம். அவர் வீட்டின் பின்னால் தனியாகப் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருக்கென்று ஒரு தட்டும் தம்ளரும்.

"ஒண்ணுமில்ல, முதல் டெஸ்ட் தப்பு" என்றார் டாக்டரம்மா.

அவர் உடனே நம்பவில்லை. கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு உறையப் பாத்தப்பவே தெரிஞ்சுட்டும்மா. ஊரு சொல்லுததுக்கு முந்தியே நான் எம்மேல சந்தேகப்பட்டுட்டேன். அக்கா பேத்தியத் தூக்கி இருபது நாளாச்சு."

ஊரில் பேச்சு என்னால்தான் பரவியது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டார்: "அந்தப் புள்ளத்தாச்சிக்கு என்ன ஆச்சு?"

"ஆம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு அப்பாவை நானே அனுப்பினேன். எல்லோரும் பார்க்க அந்தப் பலகையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் திரும்பி வர அடுத்த சீசன் ஆனது.

ரத்தம் கொடுக்க மட்டும் அவர் வரவில்லை. ஒருமுறை டிரைவர் போய்க் கூப்பிட்டபோது, "அந்தம்மா இன்னும் அங்கனதான் இருக்காவளா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அருவிப் பக்கம் நடந்துவிட்டாராம்.