அசரையா டைஸ் கரி அள்ளிய கப்பல்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், ஒரு தீவுக்கு எதிரே, ஆழமில்லாத நீரில், 1911-ஆம் வருடம் பழைய போர்க்கப்பல் ஒன்றை இழுத்துவந்து தரைதட்ட வைத்தார்கள். கடற்படையின் பீரங்கிகளுக்கு இனி அதுதான் இலக்கு. தீவே அசரையா டைஸின் முகத்தைப் பார்த்தது. நண்டு பிடிக்க வருமுன் அவர் ஆறு வருடம் அந்தக் கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஸ்பெயினோடு நடந்த கியூபா சண்டையின்போதும் அங்கேதான் வெந்துகொண்டிருந்தார்.

"அழுவாருன்னு பாத்தா, புகையிலையைத் துப்பிட்டுப் போறாரே மனுசன்!" என்றாள் மனைவி கெசையா.

கொடி கட்டிய எல்லையைத் தாண்டி யாரும் வரக்கூடாது என்று சொல்ல வந்த இளம் கடற்படை அதிகாரி, விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து உருகினான்.

"உங்க கப்பலாச்சே பெரியவரே. மனசு கஷ்டமாத்தான் இருக்கும்."

"என் கப்பலா? தம்பி, மேல நின்னவனுக்குத்தான் அது கப்பல். எங்களுக்கு அடுப்பு. சண்டை முடிஞ்சதும் மேல இருந்தவனுக்கு மெடலு, எங்களுக்குக் கொப்புளம். நல்லா நடுவுல பாத்து அடிங்க. கொதிகலன் அங்கதான் இருக்கு."

மறுநாள் காலை எல்லைக்கு வெளியே படகை நிறுத்தி, சோள ரொட்டியைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தார். முதல் குண்டு கப்பலுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது அதற்கு மேலே பறந்து போனது.

"நிக்கிற கப்பல்டா! ஓடாதுடா!" என்று கையைக் குவித்துக் கத்தினார். பக்கத்துப் படகுகள் சிரித்துக் குலுங்கின. மதியத்துக்குள் ஒருவழியாகக் கிழித்துப் போட்டார்கள். அந்த அதிர்ச்சியில் வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட, கெசையா கடலைப் பார்த்துத் துடைப்பத்தை ஆட்டினாள்.

ஒரு வாரத்தில் கொடிகளை எடுத்துவிட்டார்கள். டைஸ் கப்பலில் ஏறினார். குண்டு பட்டால் ஆளுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வைக்கோல் பொம்மைகளை அங்கங்கே நிறுத்தியிருந்தார்கள். மேல்தளத்தில் சிதறிக் கிடந்தவற்றுக்குத் தொப்பியும் பித்தளைப் பொத்தானும் இருந்தன. "மெடல் வாங்கப் போறியா?" என்று ஒன்றைக் காலால் தள்ளினார்.

கொதிகலன் அறைக்கு இறங்கும் ஏணியில் பாதிவரை கறுப்புத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு பொம்மை மல்லாந்து மிதந்தது. வெறும் சாக்குத்துணி உடம்பு.

டைஸுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"ஒனக்குச் சட்டைகூடப் போட்டுவிடலியாடா பாவிங்க?"

அதைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு திரும்பும்போது காவல் படகு மறித்தது. அதே இளம் அதிகாரிதான்.

"அது அரசாங்கச் சொத்து பெரியவரே."

"அடித்தட்டு ஆளு தம்பி. வேணும்னா மேல இருக்கிற தொப்பிக்காரனுங்களைப் பொறுக்கிக்க."

அதிகாரி படகை ஒதுக்கி வழி விட்டான்.

பொம்மைக்குள் இருந்த வைக்கோலைக் காயவைத்துக் கோழிக்கூண்டில் பரப்பினாள் கெசையா. அந்தக் கப்பலின் ஓட்டைகளில் மீன் குடியேறியது. டைஸ் சாகும்வரை அங்கேதான் தூண்டில் போட்டார். கப்பலின் பெயரை மட்டும் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.