பாலம்மாவின் ஆறாவது வருடம்

சாத்திரக்காரர்களைப் பாலம்மா ஒருநாளும் நம்பியதில்லை. புசல்லாவைக்கு மேலே அவள் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில், கையை நீட்டிக் குறி கேட்கும் பெண்களைப் பார்த்துச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள், கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்ட ஒரு வரியை நம்பி ஐந்து வருடமாகச் செத்துக்கொண்டிருந்தாள்.

இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் நோய் பரவியிருந்தது. பெரிய டொக்டர் சிங்களத்தில் நீளமாக விளக்கினார். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குப் பாலம்மாவுக்குச் சிங்களம் தெரியும்; உயிரைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தெரியாது. தமிழில் சொல்லும்படி அங்கே நின்ற சிற்றூழியரிடம் விட்டார்கள். வரிசை வாசல்வரை நின்றது. அவர், “மூணாம் கட்டம். அஞ்சு வருசம்” என்று முடித்துக்கொண்டார்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது சட்டத்தில் இருக்கிறது. அந்த அறையில் இல்லை.

ஐந்து வருடத்தில் சாகப்போகிறவள் எதை முதலில் முடிப்பாள்? மகள்களைக் கரையேற்றுவாள். மூத்தவள் சர்மிளா அப்போது பள்ளியில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண் மூடுவதற்குள் கல்யாணம் என்றதும் வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை; சர்மிளாவும் பேசவில்லை. பரீட்சைக்கு முன்பே தாலி ஏறியது. இன்று அவள் பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கை தைக்கிறாள்.

பாலம்மா மருந்து ஏற்றிக்கொண்டாள், முடியை இழந்தாள், மறுபடி மலை ஏறினாள். எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன வருடத்தில், லொறியில் தொற்றிக்கொண்டு கிளினிக் போனாள். ஒரு நாளும் நன்றாக வாழ்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. தவணை நெருங்கியது. இளையவள் சிந்துஜாவும் உயர்தரத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். சிந்துஜா மட்டும் மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு பசி வென்றது.

அந்தப் பங்குனியில் கிளினிக்குக்கு அம்மாவோடு சிந்துஜாதான் போனாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த டொக்டர் ஆஸிகா மடவளைக்காரி. தமிழில் பேசினாள், மாத்திரை எழுதினாள், அடுத்த வருடத்துக்கு ஒரு திகதியும் போட்டாள்.

“அடுத்த வருசம் எதுக்கு டொக்டர் நோனா? எனக்குத் தவணை இந்த வருசத்தோட முடியுது.”

என்ன தவணை என்று ஆஸிகா கேட்டாள். பாலம்மா சொன்னாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். கட்டி எவ்வளவு பெரியது, எதுவரை பரவியிருக்கிறது என்பதைத்தான் கட்டம் சொல்கிறது. இந்தக் கட்டத்தில் இருக்கும் நூறு பெண்களை எடுத்தால், ஐந்து வருடம் கழித்துப் பாதிக்கு மேல் உயிரோடு இருப்பார்கள். அப்படி எண்ணிப் பார்க்க வைத்த எல்லைதான் ஐந்து வருடம். பாலம்மாவின் நோய் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. மூன்றாம் கட்டம் என்ற எண் அதைச் சொல்வதில்லை.

“அந்தக் கணக்கு நூறு பேருக்கும்மா. தனியா ஒங்களுக்கு யாரும் நாள் குறிக்கல்ல.”

“அப்ப இனி வராதா?”

“வரலாம். வராமலும் போகலாம். அத என்னாலயும் சொல்ல ஏலாது.”

கட்டங்கள் பொய்யில்லை. நூறு பேரைத் தரம் பிரிக்க, யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க, அதைவிட நல்ல வழி சுலபத்தில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பிய்த்து ஒருத்தியின் நெற்றியில் ஒட்டினால் அது சாதகக் குறிப்பாகிவிடுகிறது. பாதிக்கு மேல் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கக் கூடியவள் ஒருத்திதான், கணிதம் படித்த சர்மிளா. அவளைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து மணவறையில் உட்கார வைத்தார்கள்.

பஸ்ஸில் சிந்துஜா சிரித்துக்கொண்டே வந்தாள். பாலம்மா சிரிக்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் கல்யாணத்தை நிறுத்தச் சொன்னாள். புருசன் சின்னமுத்து, ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் என்று குதித்தார். எப்போது சாவேன் என்று தனக்கே தெரியாது, அதைக் காட்டிப் பிள்ளையின் படிப்பை இன்னொரு தரம் கெடுக்க முடியாது என்றாள் அவள். கடைசியில் அவரிடம் மிஞ்சியது ஒரு கேள்விதான்.

“அப்ப நான் அஞ்சு வருசமா அழுததெல்லாம்?”

“கணக்குல வச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.”

மாப்பிள்ளையின் மாமாவுக்கு அவளே போன் எடுத்து, வசவு முழுவதையும் கேட்டுவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பல்லேகலக்குத் தனியாகப் போனாள். சர்மிளா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். துருவல் நிற்கவில்லை.

“அன்னைக்கே இன்னொரு தடவ கேட்டிருக்கலாமேம்மா.”

“எந்தப் பாஷையில கேக்குறது?”

சர்மிளா அடுத்த மூடியை எடுத்தாள். அம்மா பிழைத்ததில் அவளுக்குச் சந்தோசம் இல்லாமல் இல்லை. அதைக் காட்டத் தெம்பில்லை. பாலம்மாவுக்கும் அதைக் கேட்டு வாங்கத் தெம்பில்லை. இருவரும் தேநீர் குடித்தார்கள். அம்மா கிளம்பும்போதுதான் சர்மிளா வாசலுக்கு வந்தாள்.

“தங்கச்சிக்குக் கணக்குல சந்தேகம் வந்தா எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்க. ராத்திரி வேலைன்னாலும் பரவாயில்ல, எடுக்கச் சொல்லுங்க.”