லிப்ட் நிற்காத மாடி

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் பழைய அடுக்குமாடி ஒன்று. இங்கே லிப்ட் எல்லா மாடியிலும் நிற்பதில்லை. ஒன்பதை விட்டால் பதின்மூன்றுதான். கேஸ்காரர் ஒன்பதில் வைத்துவிட்டுப் போன தோங்கை, நம் ஊர் சிலிண்டர்தான், பாஸ்டர் தோளில் தூக்கிப் பதினொன்றுக்குப் படியேறுகிறார். வெறுங்கையோடு வரும் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

பாஸ்டர் திருநெல்வேலிக்காரர். இந்த நகரமே முழங்காலில் நிற்பதைத் தரிசனத்தில் கண்டு, இருபது வருடத்துக்கு முன் கப்பலேறாத குறையாகப் பினாங்குக்கு வந்தவர். தினமும் இந்தக் கட்டடத்து மொட்டைமாடிக்குப் போய் ஊரைப் பார்த்துக் கைநீட்டி ஜெபித்தாராம். நடுவில் இருக்கும் மாடிகளை எட்டிப் பார்த்ததே இல்லையாம்.

முருகன் படம் மாட்டிய கதவைக் காலில் மாவுக்கட்டோடு ஓர் அக்கா திறக்கிறார்.

"வாங்க பாஸ்டர். தம்பி யாரு, ஊர்லேர்ந்தா?"

பாஸ்டர் அடுப்படியில் முழங்காலிட்டு ரெகுலேட்டரை மாட்டுகிறார். நான் மெல்லக் கேட்கிறேன்: "அந்தத் தரிசனம் என்னாச்சு பாஸ்டர்?"

திருகிக்கொண்டே சொல்கிறார்: "அதுல ஊரே முழங்கால்ல நின்னுச்சு தம்பி. நான் மட்டும் மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அது தப்புன்னு புரியவே எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு."

அடுப்பு நீலமாகப் பற்றுகிறது.

"எந்திரிங்க பாஸ்டர், போதும்லா," என்கிறார் அக்கா. "தேத்தண்ணி போடணும்."