முரசுமோட்டையில் புதைத்த போர்தோ போத்தல்

காலை ஆறு இருபதுக்கு முரசுமோட்டையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்டது, குசினியில், அடுப்புக்கு அருகே மேசையில் ஈரச்சாக்கின் மேல் படுத்துக்கிடந்த ஒரு வைன் போத்தல். லேபிள் போய்விட்டது. அது இருந்த இடத்தில் சேறு காய்ந்திருந்தது. பக்கத்துக் கதிரையில் அத்தான். கைகளில் மண்.

"போத்தல் புதைச்ச குழிக்குள்ள வெள்ளம் இறங்கிட்டுது, தம்பி. கழுத்தடியைப் பாரும். வைன் குறைஞ்சிருக்கு. தக்கை விட்டுட்டுது."

அத்தான் பிரான்சில், போர்தோவுக்கு அருகே திராட்சைக் கொடி வளர்க்கும் ஒரு முந்திரிகைத் தோட்டத்தின் நிலவறையில் பீப்பாய் கழுவியவர். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது போனவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு: பிள்ளை பிறந்த ஆண்டின் வைனை எடுத்து வைத்து, பிள்ளை வளர்ந்த பின் அவனோடு சேர்ந்து திறப்பார்கள். அத்தானும் ஒரு போத்தல் வாங்கி வைத்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மகன் காணாமல் போனான். அதற்குப் பிறகுதான் அத்தான் போத்தலோடு ஊர் திரும்பினார்.

போர்தோ வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். நடுவே ஓர் ஆறு. இடக்கரையில் கிரவல் மண். தண்ணீர் நிற்காது, தடித்த தோல் முந்திரிகை பிந்திப் பழுக்கும். வலக்கரையில் எங்கள் வயலைப் போலக் களி. அங்கு விளைவது மென்மையான வைன். இந்தப் போத்தல் இடக்கரை. இளசில் பாக்கைப் போலக் கயர்க்கும். ஆண்டுகள் போகப் போகக் கயர்ப்பு அடங்கி, சுருட்டுப் பெட்டியின் வாசம் வரும். அது உச்சம். அதன் பிறகு இறக்கம்தான்.

"கள்ளு பின்னேரத்துக்குள்ள புளிச்சிடும். உங்கட வெள்ளைக்காரன் இருவது வருசம் பாத்துக்கொண்டிருப்பானோ? தாகம் எடுக்காதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாகத்துக்குத் தண்ணி இருக்குத்தானே."

வைனுக்குக் குளிரும் இருட்டும் வேண்டும். அந்த வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. புதைக்கலாம் என்றது அக்கா. இடம்பெயர்ந்தபோது அவா தையல் மெஷினைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவா. திரும்பி வந்து தோண்டினா. மெஷின் இன்றும் தைக்கிறது. இந்த நிலம் எவ்வளவு தோண்டினாலும் சூடு என்பது அத்தானுக்குத் தெரியும். ஆனாலும் வேலியோரம் குழி வெட்டினார்.

இந்தக் காலையில் அத்தான் என்னைக் கூப்பிட்டது, போத்தலைத் திறக்க அக்காவைச் சம்மதிக்க வைக்க.

"இண்டைக்குத் திறப்பம். வச்சிருந்தா முழுக்கப் பழுதாப்போம், அவன் வந்தாலும் குடிக்க ஒண்டும் இராது," என்றார் அத்தான்.

"வந்தாலும் எண்டு என்ன கதை கதைக்கிறீங்கள்?" அக்கா அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. "அவன் இல்லாமல் திறக்கிறதெண்டா, அவன் இல்லையெண்டுதானே அர்த்தம்."

"அக்கா, பழுதாப்போனதை வச்சு என்ன செய்யிறது?" என்றேன்.

"நீ பேப்பரில எழுதிற ஆள். உனக்கு எல்லாம் முடிஞ்சாத்தான் செய்தி."

புட்டு அவிந்தது. அக்கா அதை இறக்கி வைத்துவிட்டு, "உங்கட விருப்பம்," என்றா.

தக்கை பாதியில் உடைந்தது. அதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிந்தன: மகனின் ஆண்டு. வைன் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. அத்தான் கிளாசைச் சுழற்றி மணந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் உருட்டி, பேசினில் துப்பினார். நானும் குடித்தேன். வினாகிரிப் புளிப்பு.

அவர் மூன்றாவது கிளாசை ஊற்றி, முன்னறைக்குக் கொண்டுபோய் மகனின் படத்துக்குக் கீழே வைத்தார். அந்தப் படத்துக்கு மாலை இல்லை, விளக்கும் இல்லை. இறந்தவர்களின் படத்துக்கு முன்தான் எங்கள் வீடுகளில் சாப்பாடும் குடிவகையும் வைப்பார்கள்.

அக்கா பின்னால் வந்து நின்றா. "அவனுக்குப் படைக்கிறீங்களோ?"

"இல்லையப்பா. அவன்ர பங்கு."

"அவன்ர பங்கை அவன் வந்து எடுப்பான்."

கிளாசை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனா. அதையும், எங்கள் கிளாசுகளில் மிஞ்சியதையும் புனல் வைத்துப் போத்தலுக்குள் ஊற்றினா. பொலித்தீனால் வாயை மூடி, தையல் நூலால் பலமுறை சுற்றிக் கட்டினா. சாக்கை உதறி, போத்தலை அதில் சுற்றினா.

"திறந்த வைன் ரெண்டு நாளும் நிக்காது," என்று அத்தான் என்னிடம் மெல்லச் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை.

பின்னேரம் நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது வேலியோரக் குழி போத்தலோடு மூடப்பட்டிருந்தது. மூடியது அத்தான்.