நனையாமல் வந்த தீப்பந்தம்

பக்சிக் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் காவல்காரர் லியோகாடியோ பாட்ஸ், இருபத்தாறு வருடமாக அதன் பூட்டை அரும்பாடுபட்டுக் காத்துவந்தார். உள்ளே திருட ஒன்றுமில்லை என்பதால் அவருடைய பதவிக்காலத்தில் திருட்டே நடக்கவில்லை.

இப்போது பிள்ளைகளே நாலு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார்கள். பள்ளியை மூட வந்த மேற்பார்வையாளர் கடைசியாக ஒரு கருணை காட்டினார். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் ஷேலா நகரச் சதுக்கத்தில் ஏற்றும் தீப்பந்தத்தை ஊர்க்காரர் யாராவது பள்ளி வாசல்வரை ஓடியே கொண்டுவந்தால், ஊர் உயிரோடு இருப்பதாக எழுதி இன்னொரு வருடம் தருவாராம்.

இளவட்டம் இல்லாத ஊரில் ஐம்பத்துநான்கு வயது மூட்டுகளோடு லியோகாடியோவே ஓடினார். ஓடுகிறவன்மேல் வழிநெடுகத் தண்ணீர்ப் பைகளை எறிவதுதான் இந்தப் பக்கத்துத் தேசபக்தி. அதனால் பந்தத்துக்குத் தகரத்தில் குடை மாட்டியிருந்தார்.

ஷேலாவில் ஒருவன் பையை ஓங்கினான். பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்தான்: "விடுடா, பெருசு. சளி பிடிச்சுச் செத்துத் தொலையப்போவுது."

அதற்கு மேலே, மலையில், டாலரில் கட்டிய மூன்று மாடி வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ஒரு காலத்தில் பந்தக்காரர் தலையில் தண்ணீர்ப் பீப்பாயையே கவிழ்க்கும் தோமாசாவின் வாசலில் நின்றார். அவள் அமெரிக்கா போய் இரண்டு வருடம் ஆனது அவருக்கும் தெரியும்.

"தோமாசாக்கா! ஒரு சொம்பாவது ஊத்துங்களேன்!"

நாய் வந்து மோந்து பார்த்தது. தெரிந்த ஆள்தான் என்று திரும்பிப் போனது.

பள்ளி வாசலுக்கு வந்தபோது தீ நன்றாக எரிந்தது. வியர்வையைக்கூட மலைக்காற்று உலர்த்திவிட்டிருந்தது. மேற்பார்வையாளர் அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பொரி மாதிரி இருக்கே! வண்டியில வந்து அந்தத் திருப்பத்துல எறங்கினீரா?"

"ஓடித்தான் வந்தேங்க. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு."

"நானும் இந்த மலையில பொறந்தவன்தான்யா. நனையாம எவன் ஓடிவந்தான்?"

"ஊத்துறதுக்கு ஊர்ல ஆள் இல்லீங்களே."

சொன்ன பிறகுதான், தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அதையே எழுதிக்கிறேன்" என்று மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

அதிகாரி மேல் தெறிக்குமென்று பயந்து, எறியக் கூடாது என ஹெர்லிந்தா டீச்சர் அடக்கிவைத்த நாலு பிள்ளைகளும், பைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றார்கள்.

"இப்ப எறியலாமா டீச்சர்?"

டீச்சர் முத்திரையைப் பார்த்தார். "எறிங்கடா."

நாலும் குறி தவறாமல் விழுந்தன. தகரக்குடை தன் கடமையைச் செய்தது, தீ அணையவில்லை. லியோகாடியோ தும்மினார்.