டெல்சி எரிக்காமல் விட்ட பைகள்

டெல்சிக்கு முப்பத்தொன்பது வயது. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். கணவர் அன்டனுக்கு அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா அவர்களுடையது. மழைக்காலத்தில் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும், விறகு நனைந்துவிடும். ஈர விறகைப் பற்றவைக்க டெல்சிக்குத் தெரிந்தது ஒரே வழி. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் சொப்பிங் பேக் ஒன்றைச் சுருட்டி அடியில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழிப்பார். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அடுப்பும் எரியும், குப்பையும் தீரும்.

போன வருடம் ஒக்டோபர் மழையில் அவருக்கு இளைப்பு கண்டது. மலை ஏறும்போது மூச்சு வாங்கியிருந்தால் வயதாகிறது என்று விட்டிருப்பார். காலையில் அடுப்படியில் குந்தியிருக்கும்போதுதான் நெஞ்சு அடைத்தது. கிளினிக்கில் இருந்த சிங்கள டாக்டரம்மா, அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். விறகு என்றார் டெல்சி. பிளாஸ்டிக் ஏதும் போடுவதுண்டா என்று டாக்டர் மறுபடி கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டார்.

மருந்தோடு பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பொய் உறுத்தியது. டாக்டர் ஒன்றும் திட்டியிருக்க மாட்டார். கெடுதல் என்று மனதுக்குத் தெரிந்ததால்தானே வாய் மறைத்தது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அடுப்பில் பை வைக்கவில்லை. அடுப்பும் பற்றவில்லை. மூன்றாம் நாள் அன்டன் தேத்தண்ணி குடிக்காமலே வேலைக்குப் போனார். போகும்போது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார். அன்று மலையிலிருந்து இறங்கும்போது, தைல வாசம் வீசும் ரோட்டோரத்து டர்பன்டைன் மரங்கள் உரித்துப் போட்டிருந்த பட்டையை டெல்சி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு வந்தார். அடுப்புக்கு மேலே கம்பியில் இரண்டு நாள் காயவிட்டார். ஒரே குச்சியில் குப்பென்று பிடித்தது.

இளைப்பு மெல்லக் குறைந்தது. ஆனால் அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்த பைகள் எல்லாம் வீட்டிலேயே தங்கின. கதவுக்குப் பின்னால் ஒரு வெறும் கோதுமை மா மூட்டையை மாட்டி அதில் போட்டு வந்தார். ஒரு மாதத்தில் மூட்டை நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை வாசலில் கொட்டினார். சீனி வந்த பை, பருப்பு வந்த பை, கருவாட்டுப் பை, இந்தப் பைகளையெல்லாம் போட்டுக் கொடுத்த பெரிய பை. எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினேழு.

"மாசத்துக்கு இவ்வளவையும் நான் மூச்சா இழுத்திருக்கேன்," என்றார்.

அன்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குப்பை லொறி டவுனோடு நின்றுவிடும், இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டார்.

"போடுறத அப்புறம் பாப்போம். மொதல்ல வர்றத நிப்பாட்டணும்."

தோட்டச் சந்தியில் சிவசாமியின் கடை. சம்பள நாளில் கூட்டம் நெரியும் என்று அவர் சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் முன்கூட்டியே சின்னச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருப்பார். துணிப்பையும் எண்ணெய்ப் போத்தலுமாக வந்து நின்ற டெல்சியைப் பார்த்ததும் அவருக்குச் சலிப்பு. ஆளுக்கொரு போத்தல் கொண்டுவந்தால் கடை நடத்த முடியுமா என்று கேட்டார்.

"எனக்கு அவசரம் இல்லைங்க மொதலாளி. புதன்கிழமை சாயங்காலம் கடை சும்மாதானே இருக்கும், அப்ப வர்றேன். நிதானமா அளந்து குடுங்க," என்றார் டெல்சி.

அந்தப் புதன்கிழமை அவர் அப்படியே அளந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் துணிப்பையோடு புதன்கிழமை வருகிறவர்கள் ஐந்து பேரானார்கள்.

எல்லாமே நின்றுவிடவில்லை. துணி துவைக்கும் சவர்க்காரத்தூள் பக்கட் வந்துகொண்டுதான் இருக்கிறது. அன்டனுக்கு நூடில்ஸ் இல்லாமல் முடியாது. ஒருநாள் அவர் மூன்று பைக்குள் மீனைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் தயங்கி நின்றார். டெல்சி மீனை வாங்கி, பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். அடுத்த வாரம் அன்டன் தானாகவே மூடிபோட்ட டின் ஒன்றை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போனார்.

ஜூன் மாதம் தோட்டத்துக் கோயிலில் அந்தோனியார் திருநாள் வந்தது. அன்றைக்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு உண்டு. கோயில் காரியங்களைப் பார்க்கும் டக்ளஸ், சோறு போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட் வாங்கத் தலவாக்கலை டவுனுக்குப் புறப்பட்டபோது டெல்சி போய் நின்றார். இந்தத் தடவை அவரவர் வீட்டிலிருந்து தட்டுக் கொண்டுவரட்டுமே என்றார்.

"சாப்பிடக் கூப்பிட்டுட்டு தட்டக் கொண்டாங்கன்னு சொல்றதா? நல்லாவா இருக்கும்?"

மறந்து வருகிறவர்களுக்குத் தன் வீட்டுத் தட்டுகளைத் தருவதாகவும், கழுவுவதற்குத் தானே நிற்பதாகவும் டெல்சி சொன்னார். டக்ளஸ் அரைமனதாகச் சம்மதித்தார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டு லஞ்ச் ஷீட் வாங்கி ஒளித்து வைத்துக்கொண்டார்.

திருநாள் அன்று தூறலில் தட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு சனம் வந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வீட்டுத் தட்டுகள் பெரியவை. பரிமாறுகிறவர்கள் தட்டுக்கு ஏற்றபடி போட்டுக்கொண்டே வர, இன்னும் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது சோறு தீர்ந்துவிட்டது.

டெல்சிக்கு முகம் சுண்டிப்போனது. டக்ளஸ் அவரையே பார்த்தார். அதற்குள் பக்கத்துக் காம்பரா ராக்காயி இன்னொரு அண்டாவுக்கு அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் நாற்பது பேரும் வெறுந்தட்டோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். பருப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டார்கள்.

தட்டுகளையெல்லாம் கழுவிவிட்டு டெல்சி கடைசியாக உட்கார்ந்தார். டக்ளஸ்தான் அவருக்குச் சோறு போட்டார்.

"வார வருசம் இன்னும் பத்துக் கிலோ கூடப் போட்டு ஆக்கிருவோம்," என்றார்.