கமலம் அக்காவின் ஒற்றைச் சக்கரம்

பழவங்காடி சைக்கிள் கடையில் பஞ்சர் பசை வாசனை அடித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், எங்கள் வலியசாலை வீட்டுக் கொல்லையில், பதின்மூன்று வயது கமலம் அக்காவின் கையில் எப்போதும் அந்த வாசனைதான். சர்க்கஸ்காரர் ஒருவரிடம் அப்பா வாங்கிக் கொடுத்த ஒற்றைச் சக்கர சைக்கிளில், விடிந்ததும் கிணற்றுச் சுவரைப் பிடித்து ஏறுவாள், விழுவாள், முழங்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி ஏறுவாள்; டியூப் பஞ்சரானால் தானே ஒட்டுவாள். எட்டு மாதத்தில் பின்னோக்கி ஓட்டினாள். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, விழாமல் நிற்கவும் கற்றாள்.

தெரு வாசகசாலை ஆண்டுவிழாவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா மறுத்தார்.

"பொண் கொழந்தை மேடையில சக்கரம் ஓட்டறதாவது? இந்தப் பேச்சு மதி, போறும், கேட்டியோ. அண்ணா ஓட்டட்டும்."

எங்கள் அண்ணாவுக்கு அதில் ஏறவே தெரியாது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நாலடி உருட்டினான். கைதட்டலும் வெள்ளிக் கிண்ணமும் அவனுக்கு.

மறுநாள் காலை அக்கா கோவில் வாசலிலிருந்து எங்கள் வீடு வரை பின்னோக்கியே ஓட்டி வந்தாள். வாசலில் நின்ற பெரியப்பாவுக்கு எதிரே இறங்காமல் ஆடியபடி நின்றாள்.

"இதுல எது தப்புன்னு சொல்லுங்கோ பெரியப்பா, இறங்கறேன்."

பெரியப்பா உள்ளே போய்விட்டார். அன்றே சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"அவர் போய் எத்தனை வருஷமாச்சு, இன்னும் என்னடி" என்று அக்கா இப்போது சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.